மறுமொழி: ‘ரீஆக்டிவேஷன்’ தமிழில் – ‘மறு’ வேண்டாமே

> மறுசெயலாக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். செயலாக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. முன்னால் ஒரு ‘மறு’ சேர்த்தால் போதும்.

வணக்கம் அக்கா, குழுவினருக்கும் வணக்கம். கணினி மாற்றும்போது மென்பொருள் உரிமத்தை மீண்டும் செயல்பட வைக்கும் ‘ரீஆக்டிவேஷன்’ வேலைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம், அதற்கு அக்கா தந்தது ‘மறுசெயலாக்கம்’.

உங்கள் சொல்லைத்தான் நானும் முதலில் போட்டேன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்குப் போன மாதம் புதுக் கணினி மாற்றிக் கொடுத்தேன். கணக்கு மென்பொருளின் திரையைத் தமிழாக்கியது நான்தான். பொத்தானில் இடம் போதாமல் வரி உடைந்து, மேலே ‘உரிமம் மறு’ என்றும் கீழே ‘செயலாக்கம்’ என்றும் நின்றுவிட்டது. இரவு எட்டரைக்கு ஃபோன். “தம்பி, லைசன்ஸ மறுத்துட்டாங்களாமே, காசு கட்டித்தானே வாங்குனோம்?”

அவர் மேல் பிழையே இல்லை. இன்னொரு சொல்லோடு ஒட்டி நிற்கும்வரைதான் ‘மறு’ என்றால் ‘மீண்டும்’. தனியே விட்டால் அது ஏவல் வினை. பொத்தான்களில் நாம் எழுதுவதெல்லாம் ஏவல் வினைதானே: திற, மூடு, சேமி. அந்த வரிசையில் ‘மறு’ வந்தால் வேறு எப்படிப் படிப்பார்?

> உயிர்ப்பித்தல், மறுஉயிர்ப்பு

ஈப்போ ஐயாவின் சொல் காதுக்கு இனிமைதான். ஆனால் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் கிறிஸ்தவ நண்பர்களுக்கு ‘உயிர்ப்பு’ என்றதும் ஈஸ்டர் ஞாயிறுதான் நினைவுக்கு வரும். தவிர, அந்த மென்பொருள் செத்துப் போகவே இல்லை ஐயா. பழைய பெட்டியில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

என் ஐயம் வேறு. ஒரே சொல்லைத் தேடுவதே தவறோ என்று படுகிறது. கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த அதே 2001இல்தான் விண்டோஸ் எக்ஸ்பியும் வந்தது. வீட்டுக் கணினி வைத்திருந்த பலருக்கு இந்த ‘ஆக்டிவேஷன்’ அப்போதுதான் அறிமுகம். மென்பொருளோடு தரும் 25 எழுத்துச் சாவியைத் தட்டினால் மட்டும் போதாது. கணினியின் உள்பாகங்களை வைத்து ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, அதைச் சாவியோடு சேர்த்து நிறுவனம் குறித்து வைத்துக்கொள்ளும். உரிமம் அந்தப் பெட்டியோடு பூட்டப்பட்டுவிடுகிறது. மதர்போர்டை மாற்றினால் பெரும்பாலும் வேறு பெட்டி என்றே விண்டோஸ் முடிவு செய்யும்.

ஆக, புதுக் கணினிக்கு மாறும்போது நடப்பது இரண்டு வேலை. பழைய பெட்டியிலிருந்து உரிமத்தை எடுக்க வேண்டும். புதியதில் வைக்க வேண்டும். என் கடைப் பையன் இதை “லைசன்ஸ கழட்டி மாட்டிட்டேண்ணே” என்பான். எவ்வளவு துல்லியம் பாருங்கள்! ‘ரீ’ என்ற முன்னொட்டு அந்த முதல் பாதியை மறைத்துவிடுகிறது, நாமும் அதையே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் பாதியைத் தவறவிட்டவன் நான். இடி மின்னலில் என் பழைய கணினி போய்விட்டது. இரண்டு கணினிகளுக்கு மட்டும் அனுமதி தந்திருந்த வரைகலை மென்பொருள் அது. செத்த பெட்டியையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டு, புதியதில் திறக்க மறுத்தது (இங்கே ‘மறு’ சரியான பொருளில்). மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டு, அவர்கள் பக்கத்திலிருந்தே கழற்றிவிட மூன்று நாள் ஆனது.

எனவே என் முன்மொழிவு: பொத்தான்களில் ‘உரிமம் கழற்று’, ‘உரிமம் பொருத்து’. இரண்டும் சேர்ந்த முழு வேலைக்கு ‘உரிமப் பெயர்ப்பு’. நாற்றைப் பெயர்த்து நடுகிறோமே, அந்தப் பெயர்ப்பு. அதே கணினியில் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் அது பெயர்ப்பு ஆகாது, வெறும் பொருத்தல்தான். கணினியோடு சேர்ந்தே வரும் விண்டோஸ் உரிமங்களைப் பொதுவாக வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது; அதைப் ‘பெயராத உரிமம்’ என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம். கடையில் வாங்கும்போதே கேட்க வசதி.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து

—

> உரிமம் கழற்று

தம்பி, பொருத்து நன்று. பெயர்ப்பும் பிடித்திருக்கிறது, ‘மொழிபெயர்ப்பு’ குறுக்கே வரும் என்று யாராவது சொல்வார்கள், வந்தால் வரட்டும். ஆனால் ‘கழற்று’ பொத்தானை உங்கள் துணிக்கடை அம்மா அழுத்தவே மாட்டார். காசு கொடுத்து வாங்கியதைக் கழற்றச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்? ‘விடுவி’ என்று போடுங்கள். உரிமம் அவரிடமே இருக்கிறது, பெட்டியிலிருந்துதான் விடுபடுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா

—

அக்கா, ‘விடுவி’ சரி, ஒப்புக்கொள்கிறேன். கடைப் பையனிடம் சொன்னேன். “அது போலீஸ் ஸ்டேஷன்ல சொல்றதுண்ணே” என்கிறான். அவன் பேச்சில் கழட்டி மாட்டுவதே இருக்கட்டும். திரையில் ‘உரிமம் விடுவி’, ‘உரிமம் பொருத்து’ என்று மாற்றிவிட்டேன். இந்த முறை வரி எங்கே உடைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாவிடம் கொடுப்பேன். ஈப்போ ஐயாவுக்கு இன்னும் மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.