பதில்: கொகீரருக்குத் தமிழ், வெள்ளிக்கிழமைக்குள்

ஐயா, டீச்சர், மற்ற எல்லாருக்கும் வணக்கம். கண்காட்சிப் பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, நாமோ அதில் வரும் கொகீரருக்கு (coherer, ஆரம்பகாலக் கம்பியில்லாத் தந்தியில் வானொலி அலையை உணர்ந்த அரப்பொடிக் குழாய்) தமிழ்ப் பெயர் தேடி நான்கு நாளாக ‘கோ’விலேயே நிற்கிறோம்.

> கோத்தல், கோவை, கோப்பு. கொகீரரின் வேரே நம் ‘கோ’தான். ‘கோவி’ என்க.

ஐயா, கோர்ப்பதற்கு நூல் வேண்டும். இங்கே நூலும் இல்லை ஊசியும் இல்லை, கண்ணாடிக் குழாய்க்குள் அரப்பொடி மட்டும். லத்தீனில் அது ‘கூட ஒட்டு’ என்கிற சொல். பலகையில் ‘கோவி’ என்று போட்டால் ஹட்டன் பிள்ளைகள் “கோவிக்காதீங்க சேர்” என்பார்கள்.

> பொடி ஒட்டுவதே இல்லை. மேலுள்ள ஒட்சைட்டுப் படலம் உடைந்துதான் மின்தடை குறைகிறது. ‘ஒட்டு’ பிழை.

டீச்சர் சொல்வது பாதி சரி, படலம் உடைவது உண்மை, ஆனால் உடைந்த இடத்தில் துகள்கள் நுண்ணியதாக ஒட்டவும் செய்கின்றன. 1890இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரான்லி கண்டதும் தடை குறைவதைத்தான். ஒட்டிக்கொள்கிறது என்று எண்ணிப் பெயர் வைத்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஒலிவர் லொட்ஜ், அந்தப் பெயர் முழுக்கப் பொருந்தாவிட்டாலும் தமிழில் நாம் ஏன் திருத்த வேண்டும்? தந்தி என்றாலே கம்பிதான், ஆனாலும் ‘கம்பியில்லாத் தந்தி’ என்று முகம் சுளிக்காமல் சொல்கிறோமே.

நேற்று வகுப்பில் செய்தே பார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலை பிட்டர் அண்ணன் தந்த அரப்பொடி, வெறும் பேனைக் குழாய், இரு முனையிலும் ஆணி, இரண்டு பேட்டரி, ஒரு எல்.ஈ.டி. ஒரு முழம் தள்ளி கேஸ் லைட்டரை ‘டிக்’ என்று அழுத்தியதும், அதன் பொறியிலிருந்து வந்த அலை பட்டு விளக்கு எரிந்தது, அப்புறம் அணையவே இல்லை, பென்சிலால் குழாயைத் தட்டிய பிறகுதான் அணைந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன், “அட்டை மாதிரி புடிச்சுக்கிச்சு சேர், தட்டுனாத்தான் விடுது” என்றான். மார்க்கோனியின் கருவியில் இப்படித் தட்டுவதற்கென்றே மின்மணிச் சுத்தியல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறையும் தட்டி விட வேண்டியிருந்ததால் மோர்ஸ் புள்ளியும் கோடும் போகும், பேச்சு போகாது. பிள்ளைகளுக்கு அது அங்கேயே விளங்கிவிட்டது.

‘அட்டைக்குழாய்’ என்றே வைக்க எனக்கு ஆசைதான், ஆனால் காகித அட்டையைச் சுருட்டியது என்று நினைப்பார்கள்.

ஆறு பேர் ‘ஒட்டுக்குழாய்’, ஐயா மட்டும் ‘கோவி’, டீச்சர் இரண்டுக்கும் இல்லை. ஒட்டுக்குழாய் என்று எழுதி, அடியில் சின்னதாகக் கொகீரர் என்று போடுகிறேன், ஐயா மன்னிக்கவும். அந்தச் சுத்தியலுக்கு இன்னும் பெயர் இல்லை. ‘தட்டி’ என்றால் எங்கள் லயத்தில் மூங்கில் தட்டிதான். தயவுசெய்து அதை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஆரம்பிப்போம்.