தேனீ வலையைத் தொப்பியில் எப்படி நிறுத்துவது?

வணக்கம். பினாங்கு பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டத்து ஓரமாக மாமா நாலு தேன் பெட்டி வைத்திருக்கிறார். கொட்டாத கெலுலுட் தேனீ இல்லை, கொட்டுகிற அடுக்குத் தேனீ. அவருக்கு முகவலை தைத்துக் கொடுத்தது நான்தான். மூன்று மாதமாக அது தொப்பியில் நிற்க மாட்டேன் என்கிறது.

தொப்பி மெங்குவாங் (தாழை வகை) ஓலையில் பின்னியது, தலைச்சுற்று 58 செ.மீ., விளிம்பு 9 செ.மீ. வலை கறுப்பு (வெள்ளையில் வெயில் பட்டால் கண் கூசுகிறது). வலையின் மேல்வாயில் எலாஸ்டிக் கோத்துத் தொப்பியின் தலை மூடும் குமிழில் மாட்டினேன். மாமா பெட்டிக்குள் இருக்கும் தேனடைச் சட்டத்தைத் தூக்கக் குனிந்தாலே எலாஸ்டிக் மேலே வழுக்கி, பின்பக்கம் ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விழுகிறது. போன ஞாயிறு அந்த வழியாகத்தான் ஒன்று புகுந்து கண்ணுக்குக் கீழே கொட்டிவிட்டது. இரண்டு நாள் இமை திறக்கவில்லை. அவருக்கு வயது 67, எனக்கு மனசே ஆறவில்லை.

ஊக்கு குத்தினேன், ஓலை கிழிந்தது. வெல்க்ரோவைச் சூட்டுப் பசையால் ஒட்டினேன். மத்தியான வெயிலில் கழன்றுவிட்டது. கிளிப் போட்டால் இரண்டு கிளிப்புக்கு நடுவே வலை தொங்குகிறது. நிரந்தரமாகத் தைத்துவிடவும் முடியாது, வியர்வை நாற்றத்துக்கு வாரம் ஒருமுறை துவைத்தாக வேண்டும். விளிம்பை வெட்டவும் மனமில்லை, வலை மூக்கில் ஒட்டாமல் தள்ளி நிற்பதே அதனால்தான்.

ஓலைத் தொப்பியில் இடைவெளி இல்லாமல் பிடித்து, துவைக்கக் கழற்றவும் முடிகிற பிடிப்பு எதை வைத்துச் செய்யலாம்?