60களின் கராஜ் ராக் 45: எந்த ஊர் பேண்ட், எந்த வருஷம்?

கோவை45:
அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெட்டி 45களில் (நிமிஷத்துக்கு 45 சுற்று ஓடும் சின்ன இசைத்தட்டுகள்) இரண்டு தட்டு கராஜ் ராக், அதாவது உள்ளூர் இளைஞர் பேண்டுகளின் முரட்டு ராக். இசைத்தட்டுப் பட்டியல் தளங்களான டிஸ்காக்ஸ், 45கேட் இரண்டிலும் இல்லை. லேபிளில் பேண்ட் பெயர், பாட்டு, எழுதியவர்களின் குடும்பப் பெயர், பாட்டின் உரிமையைக் கையாளும் பதிப்பாளர், பிஎம்ஐ (பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலிக்கும் அமெரிக்க அமைப்பு), அவ்வளவுதான். பாட்டு முடிந்து லேபிள் வரை இருக்கும் வெற்றிடத்தில், முதல் தட்டில் டிகே4எம் என்று தொடங்கும் எண்ணும் தனியாக ஒரு 'ஐ'யும். இரண்டாவதில் சின்ன முக்கோணம், பக்கத்தில் ஐந்து இலக்க எண், வட்டத்துக்குள் எம்ஆர். ஊரையும் வருஷத்தையும் எப்படிப் பிடிப்பது? டிஜிட்டலாகவும் மாற்ற வேண்டும். டர்ன்டேபிளும் அங்கிருந்து வந்ததுதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் பாட்டு இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

வெற்றுவரி:
முதல் தட்டு ஆர்சிஏ கஸ்டம். காசு கொடுத்தால் யாருக்கு வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுத்த பிரிவு. முதல் எழுத்துதான் வருஷம்: ஆர் 1964, எஸ் 1965, டி 1966, யு 1967, டபிள்யு 1968. ஆக உங்களுடையது 1966. 'ஐ' என்றால் இண்டியானாபொலிஸ் ஆலை, 'ஆர்' ராக்அவே, 'எச்' ஹாலிவுட். ஆலை இருந்த ஊரை பேண்டின் ஊராக எடுத்துக்கொண்டால் தேடல் அங்கேயே தடம் மாறிவிடும்.

இரண்டாவது, லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை. முக்கோணத்தை ஒட்டிய எண் அவர்களுடைய வேலை வரிசை எண். அதற்கு முன்னும் பின்னும் எண் உள்ள, வெளியீட்டுத் தேதி தெரிந்த தட்டுகளைத் தேடி ஒப்பிட்டால் மாதம் வரைக்கும் நெருங்கலாம்.

ஊருக்கு, பேண்ட் பெயரை விட்டுவிட்டுப் பதிப்பாளரைப் பிடியுங்கள். சின்ன லேபிள்களில் பதிப்பாளர், ஸ்டுடியோ, லேபிள் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆள் கையில்தான் இருக்கும். சோனிக்ஸ் என்ற கராஜ் பேண்டின் தட்டுகள் வந்த எடிக்கெட் லேபிளே, வெய்லர்ஸ் என்ற இன்னொரு பேண்டுக்காரர்கள் வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில் நடத்தியதுதானே. பிஎம்ஐ தேடலில் பாட்டின் பெயரைப் போட்டால் எழுதியவரின் முழுப்பெயர் கிடைக்கலாம். அங்கே இல்லையென்றால் அமெரிக்கக் காப்புரிமைப் பதிவுப் பட்டியலின் இசைத் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேனாக இருக்கின்றன. 1966, 1967 இரண்டையும் பாருங்கள். முழுப்பெயர் கிடைத்த பிறகுதான் செய்தித்தாள் காப்பகம், பள்ளி ஆண்டு மலர். பேண்ட் பெயரை மட்டும் போட்டால் மாநிலத்துக்கு ஒரு பேண்ட் வந்து நிற்கும். உள்ளூர் ரேடியோக்கள் வாராவாரம் அச்சிட்ட டாப் 40 தாள்களை ஆர்சா தளத்தில் தேடலாம். ஒரே ஒரு ஸ்டேஷன் பட்டியலில் பாட்டு இருந்தால் அனேகமாக அந்த வட்டாரம்தான்.

ஊசிமுனை:
டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சிங்க்ரனஸ் மோட்டார் (கரண்டின் ஹெர்ட்ஸைப் பொறுத்தே சுற்றும் வகை) நம் 50 ஹெர்ட்ஸில் 45க்குப் பதில் 37.5 சுற்றுதான் போகும். 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் டிசி மோட்டார் உள்ள டர்ன்டேபிள்.

மோனார்க் தட்டு அனேகமாக ஸ்டைரீன், வினைல் அல்லாத வேறொரு பிளாஸ்டிக். லேபிள் காகிதம் மேலே ஒட்டியிருக்கும். விரலால் தட்டினால் 'டக்'கென்று கெட்டியாகச் சத்தம் வரும். அதற்கு ஆல்கஹால் கலந்த கிளீனர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பிறகு வெறும் நீர், லேபிளில் ஈரம் படக்கூடாது. கூம்பு முனை ஊசி போதும். தட்டை ஓட்டும் தடவைகளைக் குறையுங்கள், ஸ்டைரீன் சீக்கிரம் தேயும், தேய்ந்தது திரும்பாது.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல், மோனோ தட்டாக இருந்தாலும் ஸ்டீரியோவாகவே பதியுங்கள். ஒரு சேனல் மற்றதைவிட மோசமாக இருந்தால் நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சமம் என்றால் கூட்டி மோனோவாக்குங்கள், சரசரப்பு இறங்கும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் சாய்ந்திருந்தால் மட்டும் கூட்டும்போது சிம்பல் மங்கிவிடும், முதலில் அதை நேராக்குங்கள்.

கோவை45:
இழுவைக்குக் காரணம் புரிந்தது, நன்றி. கீறல் சத்தத்தைத் தானாக நீக்கும் ஆட்டோ டிக்ளிக் போட்டுப் பார்த்தேன், கிட்டார் மொழுக்கென்று ஆகிவிடுகிறதே?

ஊசிமுனை:
ஃபஸ் கிட்டாரின் (வேண்டுமென்றே ஒலியைக் கரகரப்பாக்கிய கிட்டார்) அலையே கூர்கூராக வெட்டினது மாதிரிதான் இருக்கும். மென்பொருளுக்கு அதுவும் கீறல்தான், ஸ்நேர் அடியும் கீறல்தான். பெரிய டிக்கை மட்டும் அலைவடிவத்தில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்யுங்கள். இரண்டு நிமிஷப் பாட்டுதானே.

வேகம் சரியா என்று பார்க்க: பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் பேஸ் கிட்டார் இருக்காது, அந்த இடத்தின் ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். அமெரிக்க ஸ்டுடியோவின் கரண்ட் ஹம் (மின்சாரத்தால் வரும் முணுமுணுப்பு) 60, 120, 180 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். 180க்குப் பதில் 183.6 என்றால் 2 சதவீதம் வேகம். 50, 100இல் தெரிவது உங்கள் வீட்டு எர்த் கோளாறு.

வெற்றுவரி:
அதையும் ஒரு அளவோடு. டேப்பை வேண்டுமென்றே வேகமாக்கித் தட்டு வெட்டுவதும் உண்டு. உங்கள் டர்ன்டேபிளின் பிழையைத் திருத்துங்கள், தயாரிப்பாளரின் முடிவைத் திருத்த வேண்டாம்.

டேப்பெட்டி:
யூடியூபில் ஏற்றுவதற்கு முன் ஒன்று. 1957 முதல் 1972 பிப்ரவரி 15க்கு முன் வரை வெளியான அமெரிக்க ஒலிப்பதிவுகளுக்கு அந்த நாட்டில் 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. 2018ஆம் ஆண்டுச் சட்டம். உரிமையாளர் அதை விற்பனையில் வைத்திருக்கிறாரா என்று முறையாகத் தேடியும் கிடைக்காவிட்டால், வணிகம் சாராத பயன்பாடு என்று காப்புரிமை அலுவலகத்தில் அறிவிப்பு தாக்கல் செய்யலாம். 90 நாளில் மறுப்பு வராவிட்டால் பயன்படுத்தலாம். இது ஒலிப்பதிவுக்கு மட்டும்தான், பாட்டை எழுதியவரின் உரிமை தனி. எழுதியவரைக் கண்டுபிடித்துவிட்டால் முதலில் அவருக்கே எழுதிக் கேளுங்கள். மாஸ்டர் டேப் அவர் வீட்டுப் பரணில் கிடந்தால் இந்தத் தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் வேலையே இல்லை.