மே கடைசியில் கிரேட் சால்ட் லேக்: தண்ணீர் குளிருமா, நீந்த முடியுமா?

தென்றல்_ப

மே கடைசி வாரம் அமெரிக்காவில் யூட்டா மாநிலம் போகிறோம், நானும் கணவரும் எட்டு வயது மகனும். அங்கே கிரேட் சால்ட் லேக் என்கிற உப்பு ஏரியில் இருக்கும் ஆன்டிலோப் தீவுக்குப் போய் பிரிட்ஜர் பே கரையில் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. தேடிப் பார்த்தால் ஒருவர் வெதுவெதுப்பாக இருந்தது என்கிறார், இன்னொருவர் காலை வைத்ததுமே விறைத்துவிட்டது என்கிறார், எந்த மாதம் போனோம் என்று ரெண்டு பேருமே எழுதவில்லை! மே கடைசியில் தண்ணீர் எப்படி இருக்கும்? எனக்கு நன்றாக நீச்சல் தெரியும், அதனால் நிஜமாகவே நீந்தலாமா அல்லது சும்மா மல்லாந்து மிதப்பதோடு சரியா என்பதும் தெரிய வேண்டும். மகன் இப்போதுதான் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறான், தண்ணீருக்குள் முகத்தை விட்டுக் குமிழி ஊதுகிற கட்டம்.

வெயில்காயி

ரெண்டு பேர் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும். அந்த ஏரி பார்க்கக் கடல் மாதிரி விரிந்து கிடந்தாலும் ஆழமே கிடையாது, சராசரியாக நாலைந்து மீட்டர், மிக ஆழமான இடத்திலேயே பத்து மீட்டர் பக்கம்தான். அதனால் காற்று சூடானால் தண்ணீரும் சீக்கிரம் சூடாகும், ஒரு குளிர்ந்த வாரம் வந்தால் அதே வேகத்தில் இறங்கியும் விடும். ஜூலை, ஆகஸ்டில் 80 ஃபாரன்ஹீட் பக்கம் (26, 27 செல்சியஸ்) போகும், அப்போது இறங்கினால் சுகமாக இருக்கும். மே கடைசியில் 60களில் எதிர்பாருங்கள், அதாவது பதினெட்டு செல்சியஸ் பக்கம். வெயிலில் நின்றுவிட்டு இறங்கினால் முதலில் மூச்சு வாங்கும், அப்புறம் பழகிவிடும், ஆனால் பையன் கொஞ்ச நேரத்திலேயே நடுங்க ஆரம்பிப்பான். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைநிலைக்குக் கீழே போனாலும் உப்பினால் உறையாமல் கிடக்கும். பனிக்கட்டி இல்லை என்று பார்த்துவிட்டு அவ்வளவு குளிராது என்று யாரும் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

மதியம் மூன்று மணிவாக்கில் போங்கள். கரையோரம் கணுக்கால் அளவு தண்ணீர் ரொம்ப தூரம் பரந்து கிடக்கும், அது உள்ளே இருக்கும் தண்ணீரைவிட நன்றாகவே சூடேறியிருக்கும். பையனுக்கு அதுவே போதும்.

கரைநண்டு

தண்ணீர் சூட்டை விடுங்க சகோ. மே மாதம் அந்தத் தீவில் உங்களை விரட்டப் போவது பூச்சி.

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை கண்ணுக்கே தெரியாத ஒரு கடிக்கும் பூச்சி இருக்கிறது, அங்கே நோ சீ அம் என்பார்கள். தலைமுடிக்குள்ளும் காது மடலுக்குப் பின்னாலும் போய்க் கடிக்கும், அந்தத் தடிப்பு பல நாள் அரிக்கும். பூச்சி விரட்டி மருந்துக்கெல்லாம் அது பெரிதாக அசைவதில்லை, முகத்தை மூடுகிற வலைத் தொப்பிதான் ஓரளவு காப்பாற்றும். ஆனால் வலைத் தொப்பி போட்டுக்கொண்டு எப்படிக் குளிப்பது? நல்ல வெயில் ஏறி நாள் முழுக்கச் சூடாக ஆரம்பித்ததும் அது போய்விடும். கோடையில் கரையோரம் கறுப்பாக அப்பிக் கிடக்கும் உப்பு ஈ வேறு, அது கடிக்கவே கடிக்காது. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் நீங்கள் நடக்க நடக்க அதுவே விலகி வழி விடும்.

பயணத்தைத் தள்ளிப் போட முடிந்தால் ஜூலைக்குத் தள்ளுங்கள். முடியாது என்றால் காற்று வீசுகிற நேரமாகப் பார்த்துப் போங்க, காற்றில் அந்தப் பூச்சியால் பறக்க முடியாது.

நீச்சல்பித்தன்

கரைநண்டு சொன்ன காற்று விஷயத்தில் ஒரு திருத்தம் உண்டு. மெல்லிய காற்று என்றால் சரி, பலமாக அடித்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். உப்பு ஏறிய தண்ணீர் கனமானது, ஒரே உயரமுள்ள அலையாக இருந்தாலும் நன்னீரில் அடிப்பதைவிட இங்கே அறை பலமாக விழும், அதைவிட மோசம் முகத்தில் தெறிப்பது. கடலில் உப்பு 3.5 சதவீதம்தான். இந்த ஏரியின் தென்பகுதியில், அதாவது நீங்கள் போகிற பக்கம், அது வருடத்துக்கு வருடம் மாறும், ஏரி வரலாறு காணாத அளவு வற்றிய 2022இல் 18 சதவீதத்தைத் தொட்டது, அடுத்த வருடம் பனி அதிகம் பெய்து உருகி வந்ததும் நன்றாகக் குறைந்தது. எவ்வளவு குறைந்தாலும் கடலைவிடப் பல மடங்கு கரிப்புதான். ஒரு மடக்கு தொண்டைக்குள் போனால் புரையேறிக் குமட்டும்.

நீந்த முடியுமா என்றால் தாராளமாக முடியும், நீண்ட தூர நீச்சல்காரர்கள் தெற்குக் கரையில் உள்ள பிளாக் ராக்கிலிருந்து தீவு வரை ஏறத்தாழ எட்டு மைல் நீந்தியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் வழக்கமான நீச்சல் இங்கே செல்லாது. கால் மேலே தூக்கிக்கொள்ளும், தவளை நீச்சல் அடித்தால் குதிகால் காற்றில்தான் உதைக்கும், இடுப்பு உயர்ந்து முகம் கீழே அமிழப் பார்க்கும், அதை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே கழுத்து வலி கண்டுவிடும். மல்லாந்து நீந்துவது ரொம்ப சுலபம், அதையே செய்யுங்கள். முகத்தை உள்ளே விடுவதாக இருந்தால் கண்ணோடு ஒட்டி நிற்கிற நல்ல கண்ணாடி கட்டாயம், கசிந்தால் கண் திறக்க முடியாத எரிச்சல். குப்புறக் கிடக்கிறவர் எழுந்து நிற்பதும் லேசில்லை, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி இழுத்தால்தான் உடம்பு நிமிரும், இதை இடுப்பளவு தண்ணீரிலேயே பழகிவிட்டு உள்ளே போங்கள்.

முந்தின நாள் சவரம் வேண்டாம், சின்னக் கீறல்கூடக் காந்தும். செருப்பு போதாது, காலோடு ஒட்டின ஷூ போடுங்கள், நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டிய பாறைத் திட்டுகள் சில இடங்களில் தண்ணீருக்கடியில் கெட்டியாக நிற்கும், கால் விரலைப் பதம் பார்த்துவிடும்.

தென்றல்_ப

எல்லோருக்கும் நன்றி, பூச்சி விஷயம் நான் எதிர்பார்க்கவே இல்லை! கணவரின் விடுப்பை மாற்ற முடியாது, அதனால் மே கடைசிதான். ஏரி நாறும் என்கிறார்களே, அது தண்ணீர் அசுத்தம் என்று அர்த்தமா? பையனை எவ்வளவு தூரம் விடலாம்? வடக்கே தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும் படம் பார்த்தேன், அங்கே இறங்கலாமா?

வெயில்காயி

நாற்றம் பெரும்பாலும் தீவுக்குப் போகிற அந்த ஏழு மைல் சாலையில்தான் முகத்தில் அடிக்கும். சாலைக்குத் தெற்கே ஃபார்மிங்டன் பே, ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்கிற இடம், உப்பு குறைவு, அதனால் பாசி மண்டி அழுகும், கோடையில் நச்சுப் பாசியும் வரும். அந்தப் பக்கம் இறங்காதீர்கள். பிரிட்ஜர் பே திறந்த ஏரியைப் பார்த்தபடி இருக்கிறது, அங்கே உப்பு கூடுதல், மீன் கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற அளவில் நீந்துவதெல்லாம் உப்பு இறால் குஞ்சுகள்தான், ஒன்றும் செய்யாது. கையில் அள்ளிப் பையனுக்குக் காட்டுங்கள். மணலையும் காட்டுங்கள், உடைந்த பாறைத் துகள் இல்லை அது, நடுவில் ஒரு சின்னத் துணுக்கை வைத்து அதைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து படிந்து உருண்ட மணி.

ஏரி வற்றியிருப்பதால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீருக்கு நல்ல நடை இருக்கும், குடிக்கத் தண்ணீர் கையோடு வேண்டும். கரையில் ஷவர் இருக்கிறது. இருந்தாலும் ஒரு கேன் நல்ல தண்ணீரும் துண்டும் தண்ணீர் விளிம்பு வரை எடுத்துப் போங்கள், கண்ணில் தெறித்தால் அவ்வளவு தூரம் ஷவருக்கு ஓட முடியாது. உடம்பில் உப்பு காய்ந்தால் தோல் வெள்ளையாக இறுகிக்கொள்ளும், சிறுவர்கள் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள்.

நீச்சல்பித்தன்

பையன் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன்: முழங்கால் அளவுக்கு மேல் வேண்டாம், லைஃப் ஜாக்கெட் போட்டு, உங்களில் ஒருவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். இந்தத் தண்ணீரில் யாரும் மூழ்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்பித்தான் ஆட்கள் அசட்டையாக இருக்கிறார்கள். குப்புறக் கவிழ்ந்து நாலு முறை தண்ணீரை உறிஞ்சினால் மிதந்துகொண்டே மூச்சு முட்டும். குமிழி ஊதுகிற வேலையை உங்கள் ஊர் நீச்சல் குளத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இளஞ்சிவப்புத் தண்ணீர் வடபகுதி. 1959இல் ஏரிக்குக் குறுக்கே கல் கொட்டி ரயில் பாதைக்குக் கரை போட்டபின் அந்தப் பக்கத்துக்கு ஆற்றுத் தண்ணீர் வரத்து அடைபட்டது, இப்போது உப்பு இனி கரையவே முடியாத அளவுக்கு ஏறிக் கிடக்கிறது, நிறம் அதில் வாழ்கிற நுண்ணுயிர்களால். ஸ்பைரல் ஜெட்டி என்கிற கல் சுருள் அங்கேதான் இருக்கிறது, அதைப் பார்க்கப் போங்கள், உப்புத் தரையில் நடந்துவிட்டு வாருங்கள். குளிக்க வேண்டாம், கழுவிக்கொள்ள அங்கே ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது, கடைசிப் பகுதி மண் பாதை வேறு, எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.