மலைப்பாதைச் சீரமைப்புக்கு அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மலையேற்றக் குழுவினர் வழக்கமாக நடக்கும் பாதையை மழைக்காலத்துக்கு முன்பே தன்னார்வலர்களைக் கொண்டு சீரமைக்க, நிலத்துக்குப் பொறுப்பான துறையிடம் எழுத்துபூர்வ அனுமதி பெற்றிருக்கிறோம். செங்குத்தான ஒரு வளைவில் பாதையே ஓடையாகி, மண் அரித்து, மரவேர்கள் வெளியே தெரிகின்றன. நடப்பவர்கள் அவற்றைத் தவிர்த்து ஓரத்துப் புல்லை மிதிப்பதால், ஒற்றையடிப்பாதையாக இருந்தது அகன்றுகொண்டே போகிறது. பள்ளத்தை வெறும் மண்ணால் நிரப்பினால் அடுத்த மழையே அதை அடித்துச் சென்றுவிடும். நீர் வெளியேற வழி செய்வதுதான் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. எனவே பாதையின் மேற்பரப்பைப் பள்ளத்தாக்குப் பக்கமாக ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர், சாய்த்து, இடையிடையே குறுக்கு வடிகால்களும் அமைக்கத் திட்டமிட்டுள்ளோம்.

கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்துப் பழகாதவர்களை எத்தனை பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பது நல்லது? குறுக்கு வடிகாலுக்கு மரக்கட்டை போதுமா, கல்லே பதிக்க வேண்டுமா? கருவியுடன் வேலை செய்யும் இருவருக்கிடையே 3 மீட்டர் இடைவெளி என வைத்திருக்கிறோம். சரிவான இடத்தில் அது போதுமா என்பதையும் தெரிவியுங்கள். ஒரு நாள் நேரில் வந்து வழிகாட்டக்கூடியவர் இருந்தால், அவருக்கு ஏற்றபடி தேதியை மாற்றிக்கொள்கிறோம்.