‘பிராட்’ என்பது வசவா, செல்லச் சொல்லா?

தென்பெண்ணை, காவேரிப்பட்டணம்:
இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகனின் நாட்குறிப்பில், அவன் ஒரு ‘பிராட்’ (brat) என்று ஆசிரியை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். வாசித்துக் காட்டியதும், ஏமாற்றுக்காரனைச் சொல்லும் ‘பிராடு’ என்று எண்ணி வீட்டுப் பெரியவர்கள் கொதித்துவிட்டார்கள். அது அடங்காத பிள்ளையைக் குறிக்கும் வேறு சொல் என்று விளக்கிய பின்பும் எனக்கு மனம் ஆறவில்லை. ‘வாலு’, ‘சுட்டி’ ஆகியவற்றில் உள்ள கொஞ்சல் இதில் இருக்கிறதா?

ஓசூர்வாசி:
இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அச்சொல் இன்று வெகுவாக இளகிவிட்டது. பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகப் பள்ளி மாறி வளர்ந்த அமெரிக்கப் படைவீரர்களின் பிள்ளைகள் தங்களை ‘மிலிட்டரி பிராட்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். 2024இல் காலின்ஸ் அகராதி இதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்து, தன்னம்பிக்கையும் தன்னிச்சையும் இன்பநாட்டமும் கொண்ட மனப்போக்கு என்று பொருள் தந்தது.

அதியமான்கோட்டையார்:
ஓசூர்வாசி காட்டும் இரு சான்றுகளும் அவருக்கே எதிராக நிற்கின்றன. படைவீரரின் பிள்ளை தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்கிறார். 2024இல் பரவிய புதுப்பொருளும் ஒரு பாப் பாடகி தம் இசைத்தொகுப்புக்குத் தாமே சூட்டிய பெயரிலிருந்து வந்ததுதான். பிறர் ஒரு குழந்தையைப் பார்த்துச் சொல்லும்போது பழைய பொருளே நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டு முதல் அது பிள்ளைகளை இளக்காரமாகக் குறிக்கும் சொல்லாகவே வழங்கி வந்துள்ளது. (கந்தல் துணியைக் குறித்த வட்டாரச் சொல்லிலிருந்து பிறந்திருக்கலாம் என்பர், அது உறுதிப்படவில்லை.) நம் ‘வாலு’ துறுதுறுப்பைச் சொல்கிறது. ‘ஸ்பாயில்ட் பிராட்’ என்ற தொடரோ, கேட்டதையெல்லாம் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று வீட்டாரையும் சேர்த்தே குற்றஞ்சாட்டுகிறது. வீட்டுப் பெரியவர்கள் சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம். அவர்களுக்கு வந்த கோபம் தவறான இடத்தில் வந்ததாக நான் கருதவில்லை.

ஓசூர்வாசி:
அப்படியானால் நம் வீடுகளில் ‘தறுதலை’, ‘அடங்காப்பிடாரி’ என்று நாள்தோறும் திட்டுகிறோமே, அவை மட்டும் என்ன வாழ்த்துகளா? அவற்றைச் சகித்துக்கொள்ளும் நாம், வகுப்பு முழுவதையும் ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்க்கும் ஆசிரியை சலிப்பில் எழுதிய ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் அகராதியைப் புரட்டுகிறோம்.

தென்பெண்ணை:
பாட்டி ‘தறுதலை’ என்று திட்டிய கையோடு சோறும் ஊட்டிவிடுவார். அந்தத் திட்டு அன்றோடு மறைந்துவிடும். நாட்குறிப்பில் மையால் எழுதியது ஆண்டு முழுவதும் இருக்கும், அடுத்து வரும் ஆசிரியரும் அதைப் படிப்பார். இவ்வளவு விவாதித்த பிறகும், பையன் அன்று வகுப்பில் என்னதான் செய்தான் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஒற்றைச் சொல்லைத் தவிர அவர் வேறெதையும் எழுதவில்லை.

ஓசூர்வாசி:
அது நியாயமான கேள்வி. திங்கட்கிழமை நேரில் சென்று, அவன் செய்ததை விளக்கி எழுதித் தருமாறு கேளுங்கள். சொல் வசவுதான் என்பதை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை.