ஹாக் மவுண்டன்ல சுத்துற பருந்துக் கூட்டத்த எப்படி எண்றாங்க?

மலையேறி
வணக்கம் மக்களே. நாங்க நியூஜெர்சில இருக்கோம், செப்டம்பர் நடுவுல பென்சில்வேனியா ஹாக் மவுண்டனுக்கு, அந்த நார்த் லுக்அவுட் பாறைக்கு போயிருந்தோம். ரொம்ப நேரம் வானம் காலியாவே இருந்துச்சு, அப்புறம் பாத்தா ப்ராட்-விங்க்ட் ஹாக்னு ஒரு வகை பருந்து பெரிய கூட்டமா சுத்தி சுத்தி மேல ஏறுது, நான் எண்ண ஆரம்பிச்சா அதுக்குள்ள எல்லாம் இடம் மாறிடுது. பக்கத்துல கவுண்ட் எடுக்கிறவங்க மட்டும் பதட்டமே இல்லாம ஒரு நம்பர் எழுதிட்டு அடுத்த பக்கம் பைனாகுலர திருப்பிட்டாங்க. எப்படிங்க இது? ஒரே பறவைய ரெண்டு தடவ எண்ணிட மாட்டாங்களா? ரொம்ப உயரத்துல போறத யாருமே பாக்கலன்னா வருஷ மொத்தம்னு போடுற நம்பருக்கு என்ன அர்த்தம்? என் பொண்ணு இதத்தான் கேட்டுட்டே இருக்கா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைரி
நல்ல கேள்விங்க. சுத்தும்போது எண்ணவே கூடாது, அதுதான் விஷயம். சூடான காத்து மேல எழும்புற இடத்துல எல்லாம் ஒண்ணா சேந்து றெக்கைய அடிக்காமலே உயரம் ஏறும், உச்சிக்கு போனதும் ஒவ்வொண்ணா பிரிஞ்சு தெக்க பாத்து நேர் கோடு மாதிரி சறுக்கிட்டு போகும், அந்த கோட்டத்தான் எண்ணணும். தேர்த் திருவிழால கூட்டத்துக்கு நடுவுல நின்னு தலைய எண்ண முடியாது, வாசல்ல நின்னு வெளிய வர்றவங்கள எண்ணலாம்ல, அதே கதைதான். கையில கிளிக்கர் வச்சிருப்பாங்க, நிறைய வந்தா பத்து பத்தா தட்டுவாங்க. மெக்சிகோல வெராக்ரூஸ் பக்கம் ஒரே சீசன்ல 40 லட்சத்துக்கு மேல எண்றாங்க, அங்க ஒண்ணொண்ணா எண்ண வழியே இல்ல.

ரெண்டு தடவ எண்ணாம இருக்க, தெக்க தாண்டிப் போனத மட்டும்தான் கணக்குல சேப்பாங்க. அங்கயே மேஞ்சுட்டு திரும்பி வர்ற உள்ளூர் பறவைய விட்டுருவாங்க. எதிர்ல தெரியிற மலை முகடுகளுக்கு ஒண்ணுலேந்து அஞ்சு வரைக்கும் நம்பர் இருக்கு, "மூணுக்கு மேல ஒண்ணு வருது"ன்னு ஒருத்தர் சொன்னா எல்லாரும் ஒரே இடத்த பாப்பாங்க.

கடலூர்க்காரன்
எல்லாம் சரி, ஆனா பத்து பத்தா தட்டுனா அது குத்துமதிப்புதானே? மேகமே இல்லாத நாள்ல வெறும் நீலத்துல ரொம்ப உயரமா போனா கண்ணுக்கு தெரியாது. அப்புறம் என்னத்துக்கு 15 ஆகஸ்ட்லேந்து 15 டிசம்பர் வரைக்கும் தினம் போய் உக்காரணும்?

கிட்டடின்னி
கடலூர்க்காரன் அண்ணா, போன பறவை மொத்தத்தையும் எண்ணணும்னு யாரும் நினைக்கல. வருஷா வருஷம் அதே பாறை, அதே மாசங்கள், அதே முறைல எண்ணி ஒரு வருஷத்த இன்னொரு வருஷத்தோட ஒப்பிட்டு பாக்குறாங்க. அதனாலதான் பறவையோட சேத்து மணிக்கு மணி காத்து, மேகம், எவ்வளவு தூரம் தெரியுது, எத்தன பேர் பாத்தாங்கன்னு எல்லாம் எழுதுறாங்க. இந்த பருந்தெல்லாம் கோடைல கனடா காடு முழுக்க சிதறி கூடு கட்டுது, அங்க போய் யாரு எண்ண முடியும்? இலையுதிர் காலத்துல ஹாக் மவுண்டன் இருக்கிற கிட்டடின்னி மலைத்தொடர் வழியா வரும்போதுதான் கண்ணுல சிக்குது.

இதால என்ன பிரயோஜனம்னா, 1930கள்ல அந்த பாறைல நின்னு பருந்துகள பொழுதுபோக்கா சுட்டு தள்ளிட்டு இருந்தாங்க, 1929லேந்து காஸ்ஹாக்ங்கற வேட்டைப் பறவை ஒண்ண சுட்டா 5 டாலர்னு பென்சில்வேனியா மாநில அரசாங்கமே பரிசு குடுத்துச்சு. 1934ல ரோசலி எட்ஜ்னு ஒரு அம்மா சுமார் 1,400 ஏக்கர குத்தகைக்கு எடுத்து மாரிஸ் ப்ரூன்ன காவலுக்கு வச்சாங்க, சுட வந்தவங்கள திருப்பி அனுப்பிட்டு அவரு எண்ண ஆரம்பிச்சாரு. ரெண்டாம் உலகப்போர்ல விட்டுப்போன வருஷங்கள தவிர இன்னிக்கு வரைக்கும் நடக்குது. அவரு பால்ட் ஈகிள்ல (வெள்ளத் தலை கழுகு) இளசையும் பெருசையும் தனித்தனியா குறிச்சாரு, 1935-39ல பாத்ததுல 40 சதவீதம் இளசு, 1955-59ல அது 20 சதவீதம், 1957ல 32 பெருசுக்கு ஒரே ஒரு இளசு. டிடிடி பூச்சி மருந்தால குஞ்சு பொரிக்காம போகுதுன்னு ரேச்சல் கார்சன்ங்கற எழுத்தாளர் 1962ல எழுதுனப்போ இந்த கணக்கத்தான் எடுத்து வச்சாங்க, 1972ல அமெரிக்கால அந்த மருந்துக்கு தடை வந்துச்சு. குஞ்சு பொரிக்கலன்னு அந்த பாறைல உக்காந்தே தெரிஞ்சுகிட்டாங்க பாருங்க, எனக்கு அது இன்னும் பிரமிப்புதான். இப்போ அமெரிக்கன் கெஸ்ட்ரல்ங்கற சின்ன வல்லூறு குறைஞ்சுட்டே வர்றதும் இந்த மாதிரி கணக்குலதான் தெரியுது, அது ரொம்ப வருத்தமா இருக்கு.

மலையேறி
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பொண்ணுக்கு படிச்சு காட்டிட்டேன், அவளே எண்ணணும்ங்கறா. மறுபடி எப்ப போகலாம்? தூரத்துல புள்ளியா தெரியறத எப்படி கண்டுபிடிக்கிறது?

வைரி
குளிர் காத்து இறங்குன மறுநாள் வடமேற்கு காத்து அடிக்கும், அது மலைச்சரிவுல மோதி மேல எழும்பும், பறவைங்க அதுல ஏறி முகட்டு ஓரமாவே, சில சமயம் நம்ம கண் மட்டத்துலயே போகும். அந்த மாதிரி நாளா பாத்து போங்க. அக்டோபர்ல ஷார்ப்-ஷின்ட் ஹாக் நல்லா வரும், கொஞ்சம் அடிச்சு கொஞ்சம் சறுக்கும். றெக்கைய வி மாதிரி தூக்கி தள்ளாடுனா டர்கி வல்ச்சர், பலகை மாதிரி தட்டையா இருந்தா பால்ட் ஈகிள், எம் மாதிரி மடிச்சிருந்தா ஆஸ்ப்ரே. கலர பாக்க வேணாம், பறக்குற தோரணைய மட்டும் பாக்க சொல்லுங்க பொண்ண.

கோல்டன் ஈகிள் வேணும்னா நவம்பர்ல போங்க, ஆனா குளிர் எலும்ப துளைக்கும், பாறை மேலதான் உக்காரணும், தடிமனா ஒரு குஷனும் பிளாஸ்க்ல டீயும் கண்டிப்பா எடுத்துக்கோங்க.